எம்.பி.ஏ. படிப்பதா, வீட்டைக் கட்டி முடிப்பதா?

(பழைய மாணவியர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டம் முடித்த தங்கைமார் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எம்.பி.ஏ.க்குப் போடும் காசு திரும்பி வருமா?

நமது கரையில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாவின் நெஞ்சில் முதலில் ஏறுவது அவளுக்கொரு வீடு. அத்திவாரம் ஒரு வருடம், சுவர் இன்னொரு வருடம், கத்தாரிலிருந்து காக்கா காசு அனுப்பினால் கூரை. எம்.பி.ஏ.க்கென்று எடுக்கும் பத்து இலட்சம் பெரும்பாலும் அந்த வீட்டுக் காசுதான். சில வேளை தங்கச்சியின் வீட்டுக் காசாகவும் இருக்கும். "படிப்புக்குத்தானே" என்று ஒரு சொல்லில் அதை முடித்துவிடக் கூடாது. வீட்டில் எல்லோரும் தெரிந்து, மனம் ஒத்துக் கொடுத்த காசாக இருக்க வேண்டும்.

முதலில், எந்தக் கதவைத் திறக்க இந்தத் தாள் வேண்டும்? பதவி உயர்வுக்கு என்றால், உங்கள் நிறுவனத்தின் சுற்றறிக்கையில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மேசைக்காரி சொன்னது போதாது. எல்லா முதுமாணியும் ஒன்றல்ல. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறி மட்டும் கொண்ட, 30 திறமைப்புள்ளி முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்த, இரண்டு வருட, 60 திறமைப்புள்ளி முதுமாணி 10ஆம் மட்டம். பல்கலைக்கழக விரிவுரையாளராக உயர நினைப்பவருக்கு ஆய்வு இல்லாத எம்.பி.ஏ. உதவாமல் போகலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் கொழும்பில் நடக்கும் கற்கைநெறி என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்னர் விசாரியுங்கள். ஹோட்டல் மண்டபத்தில் பட்டமளிப்பு உடுப்போடு எடுத்த படம் பத்திரிகை விளம்பரத்துக்கு அழகுதான்.

இனிக் கணக்கு. கட்டணம் 8 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு கொழும்பில், சனி ஞாயிறு. வெள்ளி இரவு கல்முனையில் பஸ் ஏறி, திங்கள் விடியற்காலை இறங்கி, முகம் கழுவிக்கொண்டு கந்தோருக்குப் போக வேண்டும். பஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஒரு வார இறுதிக்கு 10,000 ரூபாய் என்றாலும், இரண்டு வருடத்தில் 80 வார இறுதிகளுக்கு இன்னொரு 8 இலட்சம். அதாவது கட்டணம் இரண்டு மடங்கு. பிள்ளைகளை அந்த இரண்டு நாளும் பார்ப்பது உம்மா. அவருடைய உழைப்புக்கு இந்தக் கணக்கில் நான் விலை போடவில்லை, போடவும் முடியாது.

படித்து முடித்துச் சம்பளம் மாதம் 20,000 கூடுகிறது என்போம். 2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள வருமான வரிப்படி, மாதம் இரண்டரை இலட்சம் எடுப்பவருக்குக் கூடும் தொகையில் 18 வீதம் வரி. கையில் வருவது 16,400. போட்ட 16 இலட்சம் திரும்ப எட்டு வருடத்துக்கு மேல். இதே கட்டணத்தில் ஒலுவிலில் படித்தால் ஏறக்குறைய பாதிக் காலம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் அமைந்ததன் அருமை, பகலில் போய்ப் படித்துவிட்டு இரவு நம் வீட்டில் தூங்கலாம் என்று நினைக்கும்போதுதான் விளங்குகிறது.

டொலரிலோ பவுணிலோ தவணை கட்டும் கற்கைநெறிக்கு இன்னும் கவனம் தேவை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் நின்றது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 5,000 டொலர் பாக்கி வைத்திருந்தவருக்கு 10 இலட்சம் 18 இலட்சமானது. சம்பளம் அப்படி ஏறவில்லை.

கடன் எடுத்துப் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். கணக்கு மட்டும் பார்த்தாலும், 16,400 கூடப்போகிறது என்று நம்பி மாதம் அதைவிடக் கூடிய தவணையைத் தலையில் ஏற்றுவது சரியில்லை. நகையை அடகு வைப்பதும் கடன்தான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நாலைந்து வருடம் வேலை செய்து, மேலே ஏற இந்தத் தகைமை ஒன்றுதான் தடையென்று தெரிந்தவர் தயங்காமல் போகலாம். கணவர் வெளிநாட்டில், தானே நெசவுக் கடையை நடத்துகிறார் என்றால், அந்தக் காசில் பாதிக்கு நூலும் சாயமும் வாங்கிவிட்டு, கணக்கியலில் ஒரு குறுகிய கற்கைநெறி செய்வது மேல். வேலை கிடைக்கவில்லை, சும்மா இருக்காமல் எம்.பி.ஏ. படிப்போம் என்பவர்களைத்தான் நான் தடுப்பேன். அந்த வகுப்பில் பேசப்படுவதெல்லாம் வேலைத்தல அனுபவம். அது இல்லாதவர் குறிப்பு எழுதிக்கொண்டு இருப்பார். அவர்களுக்குக் கணக்காளர் பரீட்சைகள் நல்லது. கட்டம் கட்டமாகக் கட்டணம் கட்டலாம். இடையில் நின்றாலும் முடித்த கட்டம் கையில் இருக்கும்.

எம்.பி.ஏ. இருந்தால் மாப்பிள்ளை கிடைப்பது லேசா கஷ்டமா என்று ஓர் உம்மா கேட்டார். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

கற்கைநெறியில் சேர முன்னர் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: முழுக் கட்டணம், எத்தனையாம் மட்டம், இடையில் நிறுத்தினால் டிப்ளோமாவாவது தருவார்களா. அசர் வரை நூலகத்தில் இருப்பேன். சம்பளப் பத்திரத்தோடு வருபவர்களுக்குச் சேர்ந்தே கணக்குப் பார்த்துத் தருகிறேன்.