முதுகைப் பார்த்தது போதும், புரட்டுங்கள்



ஜப்பானில் ரயில் நிலையங்களிலும் பேரங்காடிகளிலும் சின்னச் சின்ன இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். காசைப் போட்டுப் பிடியைத் திருகினால் ஒரு பிளாஸ்டிக் உருண்டை விழும். அதற்குள் ஒரு பொம்மை. எது வந்தது என்பது திறந்த பிறகுதான் தெரியும். 2018-இல் பண்டாய் நிறுவனம் இந்த இயந்திரங்களில் ஒரு வேடிக்கை செய்தது. ஈரக்கல்லைப் புரட்டினால் அடியில் ஊருமே, தொட்டதும் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் ஓட்டு உயிர், அதை ஏறத்தாழ பத்து மடங்கு பெரிதாக்கிப் பொம்மையாகச் செய்தது. பொம்மையே சுருண்டுகொள்வதால் தனியாக உருண்டை தேவைப்படவில்லை. அப்போது விலை 500 யென். அந்த உயிர் நண்டுக்கு உறவு, பூச்சிகூட இல்லை. ஆனால் அது விற்ற வேகத்தில், அதே வரிசையில் குளவி, கும்பிடுபூச்சி, வண்டு என்று ஒவ்வொன்றாக வந்துவிட்டன.

இதற்கும் முன்பே, 1999-இல், ஃபுருத்தா என்ற மிட்டாய் நிறுவனம் சாக்லெட் முட்டைக்குள் ஜப்பானிய விலங்குகளின் சிற்றுருவங்களை வைத்து விற்றது. அவற்றைச் செய்து தந்தது ஒசாகா பக்கத்துக் கையோடோ நிறுவனம். சாக்லெட்டை யாரோ தின்ன, பொம்மையை அப்பாக்கள் சேர்த்தார்கள். பெரியவர்கள் வெட்கமில்லாமல் பொம்மை சேர்க்கத் தொடங்கியதில் அந்த முட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் இன்று பேச வந்தது வண்டுப் பொம்மைகளைப் பற்றி. உயிருள்ள வண்டு நமக்காக உட்கார்ந்திருக்காது. பொம்மை உட்கார்ந்திருக்கும். அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் விஷயம்.

முதலில், வாங்கியதும் மல்லாக்கப் புரட்டுங்கள். கடைத்தெருவில் கிடைக்கும் மலிவுப் பொம்மைகளில் ஆறு கால்களும் தலையிலிருந்து வால்வரை சம இடைவெளியில் ஒட்டியிருக்கும். நிஜ வண்டில் வயிற்றில் ஒரு கால்கூடக் கிடையாது. ஆறும் மார்பில்தான். மேலிருந்து பார்க்கும்போது பின்னங்கால் வயிற்றிலிருந்து வருவதுபோலத் தோன்றும். அது முதுகு ஓடு செய்யும் ஏமாற்று. முதுகில் தலைக்கு அடுத்துத் தெரியும் கவசம் மார்பின் முதல் துண்டு மட்டுமே. மற்ற இரண்டு துண்டுகளும் இறக்கை ஓட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. அடிப்பக்கம் புரட்டினால் மார்பு எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று தெரியும். முதல் ஜோடிக் கால் கவசத்துக்குக் கீழே. மற்ற இரு ஜோடிகளும் சற்றுத் தள்ளி, ஓட்டுக்குக் கீழே. நல்ல சிற்பி இதைத் தப்பாமல் செய்திருப்பார்.

அடுத்தது, முதுகின் நடுவே ஓடும் கோடு. அது வெறும் அலங்காரக் கோடு அல்ல, இரண்டு முன்னிறக்கைகள் சந்திக்கும் இடம். அந்தக் கோடு தொடங்கும் இடத்தில் ஒரு சிறு முக்கோணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பொம்மை செய்தவர் வண்டைப் பார்க்காமல் இன்னொரு பொம்மையைப் பார்த்துச் செய்திருக்கிறார். பிறகு உணர்கொம்பு. ஜப்பானியக் கொம்பு வண்டான கபுட்டோமுஷிக்கு அதன் நுனியில் விசிறி மடிப்புபோலச் சில தகடுகள் இருக்கும். கலைமான் கொம்புபோலத் தாடையை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மான்கொம்பு வண்டுக்கு உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும். இரண்டுக்கும் முன்னால் நீண்டிருப்பது ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். மான்கொம்பு வண்டினுடையது தாடை, கடிக்கும். கபுட்டோமுஷியினுடையது மேல்தோலின் நீட்சி, எதிராளியின் அடியில் கொடுத்து நெம்பி மரத்திலிருந்து தள்ளுவதற்கு.

எவ்வளவு திறமையான சிற்பியும் தோற்கும் இடம் நிறம். தென் அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் வாழும் ஹெர்குலிஸ் வண்டு, கொம்போடு சேர்த்து சுமார் 17 சென்டிமீட்டர் வரை போகும். அதன் இறக்கை ஓடு காற்று வறண்டிருந்தால் மஞ்சள் கலந்த பச்சை. ஈரம் ஏறினால் கருப்பு. ஓட்டின் உள்ளடுக்கு பஞ்சுபோல நீரை உறிஞ்சிக்கொள்வதால் வரும் மாற்றம் இது. பொம்மைக்கு ஒரே நிறம்தான் பூச முடியும். பொன்வண்டின் கதை இன்னும் மோசம். அதன் பச்சையும் நீலமும் சாயம் அல்ல. ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாகும் நிறம். அதனால்தான் வண்டு சாகும்போது நிறம் கூடவே சாவதில்லை. நாரா நகருக்கு அருகில் ஹோர்யூஜி கோயிலில் 7-ஆம் நூற்றாண்டின் சிறு மரக் கோயில் ஒன்று இருக்கிறது. பொன்வண்டு இறக்கைகளைப் பதித்து அலங்கரித்தது. பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டன. நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டியில் அடைத்துக் கொன்றை இலையும் வேல இலையும் போட்டு வளர்த்ததும் இதே குடும்பத்துப் பூச்சிதான்.

இன்னொரு குறை. சேகரிப்பாளரின் அலமாரியைப் பாருங்கள்: முக்கால்வாசி ஆண் வண்டுகள். கொம்பில்லாத பெண் வண்டை யார் வாங்குவார்? புழுவை யார் வாங்குவார்? ஆனால் கபுட்டோமுஷியின் வாழ்வில் பெரும்பகுதி அந்தப் புழுப் பருவம்தான். கோடையில் மக்கிய இலைக்குவியலில் முட்டை. அங்கேயே வெள்ளைப் புழு தின்று கொழுத்துக் குளிர்காலத்தைக் கடத்தும். அடுத்த கோடையில் கொம்போடு வெளியே வரும். அதன் பிறகு அதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம்தான் ஆயுள். கொம்பு எவ்வளவு நீளும் என்பதும் புழு தின்ற தீனியைப் பொறுத்தது. கொம்பை மட்டும் விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

ஜப்பானில் 1999-இல் சில அயல்நாட்டு வண்டுகளை உயிரோடு இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தப்பித்த வண்டுகள் உள்ளூர் இனத்தோடு கலந்துவிடுமே என்று ஆய்வாளர்களுக்குக் கவலை. இந்த ஒரு விஷயத்தில் பிளாஸ்டிக்குக்கே என் ஓட்டு.

ஆனால் பொம்மையோடு நின்றுவிட்டால் நஷ்டம். ஜப்பானின் சைத்தாமா மாநிலத்துப் பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தான். இரவில் மட்டும் நடமாடும் என்று புத்தகங்கள் சொன்ன கபுட்டோமுஷி, அந்த மரத்தில் பட்டப்பகலிலும் தின்றுகொண்டிருந்தது. வண்டுகளில் அடையாளமிட்டுப் பார்த்தான். ஓர் ஆய்வாளரின் துணையோடு அது 2021-இல் 'எகாலஜி' என்ற அறிவியல் இதழில் கட்டுரையாக வந்தது.

உயிருள்ள வண்டைக் கவனிக்க நாம் ஜப்பான் போக வேண்டாம். கபுட்டோமுஷியின் நெருங்கிய உறவு நம் தென்னந்தோப்பில் இருக்கிறது, காண்டாமிருக வண்டு. குருத்தைத் துளைத்துத் தின்னும். பிறகு மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல ஓலை வரும். விவசாயிகள் கம்பிக் கொக்கியால் அதைக் குத்தி எடுப்பார்கள், பானையில் ஆமணக்குப் பிண்ணாக்கைக் கரைத்து வைத்துப் பிடிப்பார்கள். இதன் புழு இருப்பது எருக்குழியில். கொழுத்த வெள்ளை உடல், பழுப்புத் தலை, பிடித்தால் அரைவட்டமாக வளைந்துகொள்ளும். பொம்மை வாங்கித் தந்த பிள்ளையை ஒருநாள் அங்கே கூட்டிப் போங்கள். தோப்புக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுக் குழியைக் கிளறுங்கள். எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போங்கள் என்பார், காசும் கேட்க மாட்டார்.