கலகத்தின் நடுவே ஒரு பரீட்சை



பிள்ளை கடல் கடந்து படிக்கச் சென்றிருக்கிறான். அவன் அங்கே காலூன்றுமுன் அந்த நாட்டிலே கலகம் மூண்டுவிட்டதென்று செய்தி வருகிறது. தாய்க்குச் சோறு இறங்காது. தகப்பனார் வெளியே திடமாகத் தோன்றுவார். இரவில் நித்திரை கொள்ளமாட்டார். யாழ்ப்பாணத்தில் இந்தக் கவலையை அறியாத வீடுகள் சிலவே. ஆனால் இது நமக்குப் புதிதன்று. 1857ஆம் ஆண்டிலேயே இக்கவலைக்கு இடமான இருவர் நம்மவருள் இருந்தனர். ஒருவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. மற்றவர் சுதுமலையிற் பிறந்த கறல் விசுவநாதபிள்ளை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் என்று இவ்விருவரையும் நாம் பெருமையோடு நினைவு கூருகிறோம். அது தகும். எனினும், அந்தப் பட்டம் எத்தகைய காலத்தில், எத்தகைய ஊரில் பெறப்பட்டது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடையவர்கள். அமெரிக்க மிஷனார் 1823இல் தொடங்கிய அக்கலாசாலையில் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாத்திரம் எல்லாம் உயர்ந்த முறையிற் கற்பிக்கப்பட்டன. விசுவநாதபிள்ளை அங்கே படித்துப் பின் கணிதம் கற்பித்தவர். வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் எழுதி 1855இல் வெளியிட்டவர். தாமோதரம்பிள்ளை அவரினும் பன்னிரண்டு வயது இளையவர். 1852 வரை அங்கே மாணவராக இருந்து, பின்னர் கோப்பாயில் உபாத்தியாயராக அமர்ந்தவர்.

1855இல் அந்தச் செமினரி மூடப்பட்டது. பணம் இல்லாமையாலன்று, பிள்ளைகள் வராமையாலுமன்று. ஆங்கிலம் கற்றவர்கள் கிராமங்களிற் சமயப்பணி செய்யாமல் உத்தியோகம் தேடிப் போய்விடுகின்றனர் என்று மிஷன் தலைமைப்பீடம் கருதியது. மிஷனாரின் நோக்கம் அவர்களுக்கு. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்த ஓர் உயர்கல்வி நிலையத்தை இக்காரணத்துக்காக மூடியது பெரும் பிழை என்பதே என் துணிபு. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றும் வரை அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. மேலும் ஒன்று: செமினரி பட்டம் வழங்கும் உரிமை பெற்றதன்று. ஆகவே, அங்கே கற்றவனிடம் கல்வி இருந்தது. அதை உலகம் ஒப்புக்கொள்ளும் அத்தாட்சி இருக்கவில்லை.

அத்தாட்சியை எங்கே தேடுவது? இலங்கையில் அப்போது பல்கலைக்கழகம் இல்லை. பல்கலைக்கழகக் கல்லூரி என்ற அளவிலேனும் ஒன்று கொழும்பில் அமைந்தது 1921இலேதான். அன்றியும், அந்நாளில் யாழ்ப்பாணத்தானுக்குக் கொழும்பு தூரம்; அக்கரை கிட்டம். புகைவண்டி யாழ்ப்பாணம் வந்தது 1905இல். தோணியோ பல தலைமுறையாக நாகபட்டினத்துக்கும் கோடிக்கரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல காற்று வாய்த்தால் அது பெரும் பயணமன்று.

கிட்டம் என்றாலும் அது வேறு நாடு என்பதை மறந்துவிடலாகாது. இலங்கை பிரித்தானிய முடியின் கீழ் இருந்த குடியேற்ற நாடு. சென்னையோ 1858 வரை கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சியில் இருந்தது. வேறு ஆட்சி, வேறு சட்டம், வேறு படை.

தினவர்த்தமானி என்னும் தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்கும்படி பெர்சிவல் பாதிரியார் அழைக்க, தாமோதரம்பிள்ளை சென்னைக்குச் சென்றார். பெர்சிவல் முன்னர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்தவர்; ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். அறிமுகமில்லாத ஊரில் அறிந்த முகம் ஒன்று இருப்பது எத்துணை ஆறுதல் என்பது வெளியூரிற் படித்தவர்களுக்குத் தெரியும்.

அக்காலத்துச் சென்னை புதிதாக வருபவனை எவ்வாறு வரவேற்றிருக்கும்? அங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்டத்திலே நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து மசூலாப் படகில் இறங்கி, அலை மேல் அலையாக உடையும் கடலைக் கடந்து கரை சேரவேண்டும். ஆணி ஒன்றுமின்றிப் பலகைகளைக் கயிற்றாலே தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். காங்கேசன்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் கடலைக் கண்டு பழகியவனுக்குங்கூட அது நெஞ்சைக் கலக்கும் வரவேற்பாகவே இருந்திருக்கும். தரைவழி சென்றவனுக்கோ பல நாள் மாட்டுவண்டிப் பயணம். ஊருக்குள்ளே இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கமாக 1856 யூலை மாதம் முதல் புகைவண்டி ஓடத் தொடங்கியிருந்தது. இலங்கையிலே அப்போது ஓரிடத்திலும் இருப்புப்பாதை கிடையாது.

மொழி ஒன்றே என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இலக்கணத்தில் ஒன்றே, கடைத்தெருவில் அப்படியன்று. நான் முதன்முதல் சென்னைக்குச் சென்றபோது, தங்கிய விடுதியின் காரியஸ்தரிடம், "ஐயா, உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்" என்றேன். "கதை கேட்க நேரமில்லை, தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் கணக்கெழுதத் தொடங்கினார். பின்னாளில் தொல்காப்பியத்தைப் பதிப்பிக்கப்போகும் தாமோதரம்பிள்ளையும் "ஓம்" என்று சொல்லிவிட்டு எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்து விழித்திருப்பார் என்று எண்ண எனக்கு ஆசை.

இனி, அந்த ஆண்டுக்கு வருவோம். 1857 மே மாதம் 10ஆம் திகதி மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாள் டில்லி அவர்கள் கையில் விழுந்தது. தந்திக்கம்பி சென்னைக்கும் வந்திருந்த காலம் அது. ஆகவே, செய்தி விரைந்து வந்தது. வதந்தி அதனினும் விரைந்து வந்தது. சென்னையிலிருந்த வெள்ளைப்படை வங்காளத்துக்கு அனுப்பப்பட்டது. இலங்கையிலிருந்தும் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் பட்டாளம் அனுப்பினார். ஓகஸ்ட் மாதத்தில் சென்னைப் படையைச் சேர்ந்த 8ஆம் குதிரைப்படைப் பிரிவு வங்காளத்துக்குப் போக மறுக்க, அதன் ஆயுதங்கள் களையப்பட்டன. அப்படியானால் நெருப்பு தெற்கேயும் வந்துவிட்டதா? பின்னே என்ன நடந்ததென்று நமக்குத் தெரியும்; சென்னை பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. அன்று அவ்வூரில் இருந்தவர்க்கு அது தெரியாதே! கலக காலத்திலே மனிதனை வாட்டுவது நடந்தது அன்று, நடக்கக்கூடியது.

யூன் மாதம் 13ஆம் திகதி பத்திரிகைகளை அடக்கும் சட்டம் பிறந்தது. அனுமதிப்பத்திரமின்றி எவரும் அச்சுக்கூடம் நடத்தலாகாது. அரசாங்கத்துக்கு ஒவ்வாததை அச்சிட்டால் அனுமதி பறிபோகும். ஓராண்டுக்கு இந்தியா முழுவதிலும் இது செல்லும். தமிழ்த் தாள்களுக்கும் விலக்கில்லை. பத்திரிகைத் தொழிலை நம்பிக் கடல் கடந்த ஒருவருக்கு இது எத்தகைய செய்தி!

இன்னுமொரு சங்கடம் உண்டு. தம்மை மதம் மாற்றச் சூழ்ச்சி நடக்கிறது என்ற அச்சம் சிப்பாய்களின் கோபத்துக்குப் பெரிய காரணம். இலண்டனிலே எல்லன்பரோ பிரபு போன்றோர், மிஷனாரோடு அரசு கொண்ட உறவே கேடு விளைத்தது என்று பழி கூறினர். இந்த நிலையில், மிஷன் பள்ளியிற் படித்து, வின்சுலோ என்றும் கறல் என்றும் மிஷன் சூட்டிய பெயர்களையும் தாங்கிய இரண்டு யாழ்ப்பாணத்தவர் சென்னைத் தெருவில் நடந்தார்கள். சார்ள்ஸ் வின்சுலோ என்பதன் முதலெழுத்துகளே பின்னர் சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை மகன் என்று பொருந்தும்படி சி. வை. ஆயின என்பர். இருவரும் பின்னாளிற் சைவத்துக்குத் திரும்பியவர்கள். ஆனால் 1857இல் அவர்களை நோக்கிய கண்களுக்குப் பின்னாள் தெரியுமா?

இந்தக் கொந்தளிப்பின் நடுவே, செப்டெம்பர் மாதம் 5ஆம் திகதி, சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. அன்று டில்லி முற்றுகையில் இருந்தது. இலக்கினோவும் முற்றுகையில் இருந்தது. ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையில் பல்கலைக்கழகமுமாக நின்ற அந்த அரசை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அது வேறொரு பேச்சுக்கு உரியது. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றிய புதுப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. பரீட்சை மட்டுமே நடத்தியது. படித்ததை எங்கே படித்தாய் என்பதிலும், படித்திருக்கிறாயா என்பதே கேள்வி. மூடப்பட்ட கலாசாலையில் கற்றவர்களுக்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

வடக்கே கலகம் முற்றும் அடங்குமுன்னரே முதலாவது பி. ஏ. பரீட்சை நடைபெற்றது. ஒரே பரீட்சைக்கு வட்டுக்கோட்டையிற் கற்பித்தவரும் அமர்ந்தார். அங்கே கற்றவரும் அமர்ந்தார். தேறியவர்கள் அவ்விருவருமே. தாமோதரம்பிள்ளை முதலாவதாகவும் விசுவநாதபிள்ளை இரண்டாவதாகவும் தேறினர். முப்பத்தேழு வயதைத் தாண்டிய கணித ஆசிரியர், தம்மினும் இளைய செமினரி மாணவனுக்குப் பின்னே தம் பெயரைக் கண்டபோது என்ன நினைத்திருப்பார்? நல்ல உபாத்தியாயர்களை நான் அறிவேன். மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். சற்று நேரம் கழித்து.

தாமோதரம்பிள்ளை அக்கரையிலேயே வாழ்நாளைக் கழித்தார். அரசாங்க உத்தியோகம், 1871இல் சட்டப் பட்டம், பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி. இவற்றுக்கிடையே வீரசோழியம், இறையனார் அகப்பொருள், கலித்தொகை, தொல்காப்பியப் பொருளதிகாரம் முதலியன ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தன. 1901 சனவரி முதலாம் திகதி சென்னையிலே காலமானார். ஊருக்கு அவர் முற்றாகத் திரும்பி வரவில்லை. ஆனால் ஏழாலையில், சிறுப்பிட்டிக்கு அதிக தூரமில்லாத இடத்தில், தம் பணத்தைக்கொண்டு ஒரு பாடசாலையை நிறுவி நடத்தினார்.