537 வாக்குகள்: புளோரிடா தரும் பாடம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே!

அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்தவுடன் நம் சங்கத்தின் மூத்த தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "குழாயில் தண்ணீர் வராத சாலில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவைப் பற்றி என்னப்பா பேச்சு?" நியாயமான கேள்வி. முடிவில் பதில் சொல்கிறேன்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவரை அந்நாட்டு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி அல்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று ஒரு கணக்கு உண்டு. மொத்தம் 538 பேர். 270 பேரின் ஆதரவைப் பெற்றவரே தலைவர். இரண்டே இரண்டு மாநிலங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும், ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் போதும், அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் முழுப்பேரும் அவருக்கே. தோற்றவருக்கு ஐம்பது இலட்சம் வாக்கு விழுந்திருந்தாலும் பயன் இல்லை.

2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சி சார்பில் ஜார்ஜ் புஷ், ஜனநாயகக் கட்சி சார்பில் அல் கோர். மற்ற மாநிலங்களின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கோருக்கு 267, புஷ்ஷுக்கு 246. மீதம் நின்றது புளோரிடா ஒன்றுதான். அதன் தேர்வாளர்கள் 25 பேர். ஆக, யார் புளோரிடாவைப் பிடிக்கிறாரோ அவருக்கே வெள்ளை மாளிகை.

அன்றிரவு நடந்த கூத்தைக் கேளுங்கள். முதலில் கோர் வென்றார் என்றன தொலைக்காட்சிகள். பிறகு அதைத் திரும்பப் பெற்றன. நள்ளிரவுக்குப் பின் புஷ் வென்றார் என்றன. கோர், புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். வித்தியாசம் மளமளவென்று குறைவதைக் கண்டதும் மறுபடியும் அழைத்து, வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்! விழுந்த வாக்குகளோ ஏறத்தாழ அறுபது இலட்சம். முதல் எண்ணிக்கையில் வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. முடிவில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 537! நம் நான்கைந்து சால்களின் வாக்காளர்களைச் சேர்த்தால் அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

தோழர்களே! அந்த 537க்குப் பின்னால் இருப்பது என்ன?

நம் நாட்டில் நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையம். அங்கு அப்படி இல்லை. புளோரிடாவில் 67 மாவட்டங்கள். எந்த எந்திரம், எப்படிப்பட்ட சீட்டு என்பதெல்லாம் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. பாம் பீச் மாவட்டத்தில் முதியோர் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அவர்கள் படிக்க எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் சீட்டை அமைத்தார்கள். இடப்பக்கம் சில பெயர்கள், வலப்பக்கம் சில பெயர்கள், நடுவில் துளையிடும் வரிசை. இடப்பக்கத்தில் கோரின் பெயர் இரண்டாவதாக இருந்தது. ஆனால் அவருக்குரிய துளை மூன்றாவது! இரண்டாவது துளை, வலப்பக்கத்தில் இருந்த புக்கானன் என்ற இன்னொரு வேட்பாளருக்கு உரியது. அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை தமக்கு விழுந்தவையாக இருக்க முடியாது என்று அந்த மனிதரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். குழம்பிப்போய் இரண்டு துளை இட்டவர்களின் சீட்டுகள், அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் சுமார் 19,000, செல்லாதவை ஆயின.

மாநிலம் முழுவதும் தள்ளப்பட்ட சீட்டுகள் 1,75,000க்கும் மேல். யாருடைய சீட்டுகள் அவை? அமெரிக்க அரசின் குடிமையுரிமை ஆணையம் விசாரித்து 2001இல் அறிக்கை தந்தது. வெள்ளையரின் சீட்டைக் காட்டிலும் கறுப்பின மக்களின் சீட்டு தள்ளப்படும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு என்று அந்த அறிக்கை சொல்லிற்று. ஏழைகள் வாழும் இடத்தில் பழுதான எந்திரம், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத சாவடி. இது நமக்குப் புரியாத கதையா?

சீட்டைக் கையில் வாங்கியவர்களின் கதை இது. சாவடி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதை இதைவிடக் கொடுமை.

பெருங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர், சிறையிலிருந்து வெளிவந்து எத்தனை ஆண்டு ஆனாலும், தனியாக மனுப்போட்டு மன்னிப்புப் பெறாதவரை, ஆயுள் முழுவதும் வாக்களிக்க முடியாது என்பது அன்று புளோரிடாவின் சட்டம். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1868இல் எழுதிய மாநில அரசியலமைப்பிலேயே அது இருந்தது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன், இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து நீக்க ஒரு தனியார் நிறுவனத்திடம் பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். பெயர் ஏறக்குறைய ஒத்துப்போனாலே போதும் என்று அள்ளிப் போட்டார்கள். ஒரு நாளும் சிறை வாசலை மிதிக்காதவர்கள், பெயர் ஒற்றுமை என்ற ஒரே குற்றத்துக்காகக் குற்றவாளிப் பட்டியலில் ஏறினார்கள். அதிலும் கறுப்பின மக்களே மிகுதி.

தேர்தலை நடத்தும் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலாளர் கேத்தரின் ஹாரிஸ், அதே நேரத்தில் புஷ்ஷின் மாநிலப் பிரசாரக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவர். ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் உடன்பிறந்த தம்பி. பந்தயத்தில் ஓடுகிறவரின் ஆளே விசில் ஊதினால் எப்படி இருக்கும்?

மாநில உச்ச நீதிமன்றம், எந்திரம் எண்ணாமல் விட்ட சீட்டுகளைக் கையால் எண்ணுங்கள் என்று டிசம்பர் 8இல் ஆணையிட்டது. மறுநாளே நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. டிசம்பர் 12இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. கையால் எண்ணும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது, அது சமத்துவம் ஆகாது, சரிசெய்ய நேரமும் இல்லை என்றார்கள். எந்திரம் இடத்துக்கு இடம் மாறியபோது கெடாத சமத்துவம், எண்ணும்போது மட்டும் கெட்டுவிட்டது! நாடு முழுவதும் கோர் ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் வாக்குக்கு மேல் முன்னணியில் இருந்தும், 271 தேர்வாளர்களோடு புஷ் தலைவரானார்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்திரிகைகள் சேர்ந்து 2001இல் அந்தச் சீட்டுகளை ஆராய்ந்தன. கோர் கேட்டபடி சில மாவட்டங்களில் மட்டும் எண்ணியிருந்தால் புஷ்ஷே வென்றிருப்பார். தள்ளிய சீட்டுகள் அனைத்தையும் மாநிலம் முழுவதும் எண்ணியிருந்தால் கோர் சொற்ப வித்தியாசத்தில் வென்றிருப்பார். எல்லாருடைய வாக்கையும் எண்ணுங்கள் என்பதே சரியான கோரிக்கை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த மக்கள் சோர்ந்துவிடவில்லை. துளையிடும் சீட்டு ஒழிக்கப்பட்டது. சிறை மீண்டவர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். 2018இல் மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 65 சதவீதம் பேர் ஆதரித்து, அந்த 1868இன் தடை உடைந்தது. ஆனால் 2019இல் ஆட்சியாளர்கள் புதுச் சட்டம் போட்டார்கள்: அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் பாக்கி இருந்தால் வாக்கு கிடையாது! காசு இல்லாதவனுக்குக் கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. போராட்டம் ஒரு நாளில் முடிவது அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது மூத்த தோழரின் கேள்விக்கு வருகிறேன்.

நான் இரயில்வேயில் முன்பதிவு எழுத்தர். பெயர்ப்பட்டியல்தான் என் பிழைப்பு. அட்டவணையில் பெயர் இல்லாதவருக்கு இடம் இல்லை என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். சென்ற தேர்தலன்று என் அம்மாவைச் சாவடிக்கு அழைத்துப் போனேன். முப்பது ஆண்டுகளாக இந்த மும்பையில் வாழ்கிறவர். குடும்ப அட்டை உண்டு, அடையாள அட்டை உண்டு. பட்டியலில் பெயர் இல்லை! சால் இடித்து வீடு மாறியபோது நீக்கிவிட்டார்களாம். அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில், "ஊரான் பெயரையெல்லாம் பார்க்கிறாயே, என் பெயரைப் பார்க்கவில்லையே ராசா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. தவறு அவர்களுடையது மட்டுமா? என்னுடையதும்தான்.

நம் பெயர்களைப் பாருங்கள். தகப்பன் பெயர் முன்னால் வரும், பின்னால் வரும். இங்குள்ளவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்கிறார். வேலைக்காக வீடு மாறுகிறோம். ஆக, முதலில் விடுபடும் பெயர் நம் பெயர்தான். வாக்கு இல்லாத சாலுக்கு எந்த உறுப்பினர் தண்ணீர்க்குழாய் போடுவார்?

ஆகவே தோழர்களே, வாடகை வீட்டில் இருப்பவருக்கும் உரிமை உண்டு. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் படிவம் 8. ஊரில் ஒன்று, இங்கு ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வாழும் இடத்தில் ஒன்று போதும். அட்டை கையில் இருக்கிறது என்று அயர்ந்துவிடாதீர்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு.

வரும் ஞாயிறு முதல் சங்க அலுவலகத்தில் படிவங்களோடு நான் அமர்ந்திருப்பேன். முதல் படிவம் என் அம்மாவுடையது. அடுத்தது உங்களுடையதாக இருக்கட்டும்.