சங்க மனையைப் பழுது பார்த்த வரலாறு
(ஆண்டு விழாவில் கட்டடக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



பார்சல் ஆபீசில் பேரேடு எழுதும் எங்களுக்குக் கொத்து வேலை தெரியாது. ஆகவே வரவு செலவோடு எங்கள் பிழைகளையும் சேர்த்தே ஒப்புவிக்கின்றோம்.

கரக்பூரில் இம்மனையைச் சென்ற ஆண்டு வாங்கினோம். பல்லாண்டு பூட்டிக் கிடந்த வீடாயினும், விற்றவர் வெள்ளையடித்துப் பளிச்சென்று வைத்திருந்தார். அதில் மயங்கினோம். தளம் வங்காளத்துப் பழைய முறையினது: சால்மர உத்தரங்கள், அவற்றின்மேல் குறுக்குச் சட்டங்கள், ஓடுகள், அதன்மேல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து இடித்த மெத்தை.

விளக்குத் தொங்கவிடச் சுவரோரமாக உத்தரத்தில் ஓர் ஆணி அறைந்தோம். இரண்டாம் அடிக்கே அது கொண்டைவரை இறங்கிற்று; மண்ணும் மரத்தூளும் உதிர்ந்தன. கொத்தனாரை அழைத்தோம். அம்முதியவர் சுத்தியலால் ஒவ்வோர் உத்தரமாகத் தட்டினார். நடுவிலே கணீரென்றது, சுவருக்குள் புகும் முனையிலே மொத்தென்றது. ஏழில் மூன்று அவ்வாறு. "பாபு, இவை பழக்கத்தினால் நிற்கின்றன" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடித் தூம்பில் அரசங்கன்று வேரோடி அடைத்திருந்தது. மழைநீர் சுவருக்குள் இறங்கிற்று. சுண்ணாம்புச் சுவர் தான் உண்ட ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். யாரோ புறத்தே பூசிய சிமெண்டு அதைத் தடுத்துவிட்டது. ஓதம் உத்தர முனைகளைத் தின்றது. மிச்சத்தைக் கரையான் தின்றது.

விழாவிற்கு மூன்றே வாரம். மேலே பூசி மறைத்து, விழா முடிந்தபின் பார்த்துக் கொள்ளலாம் என்று சொன்னவர்கள் வேறு எவருமல்லர், நாங்களே. அப்பொழுது பொருளாளர், "ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் எந்த உத்தரத்தின் கீழ் உட்காருகிறார்கள்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் அவ்வுத்தரத்தின் கீழ்த்தான் அவர்களை உட்கார வைத்திருந்தோம்.

அன்று மாலையே வகுப்பை ஓர் உறுப்பினரின் குவார்ட்டர்ஸ் தாழ்வாரத்திற்கு மாற்றினோம். மேடைக்குத் திரட்டிய பணம் இருப்பு உத்தரங்களாயிற்று. சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினோம். இன்று தாங்கள் மேடையில்லா விழாவில் ஜமக்காளத்தில் அமர்ந்திருப்பதன் காரணம் இதுவே.

இரண்டு உத்தரங்கள் மாற்றியாயிற்று. மூன்றாவதற்குப் பணம் போதவில்லை. மேற்கு அறையில் மூங்கில் முட்டுக்கள் நிற்கின்றன. கதவைப் பூட்டியுள்ளோம், எனினும் குழந்தைகளை அப்பக்கம் விட வேண்டாமென்று தாய்மார்களைக் கேட்டுக் கொள்கின்றோம்.