இரு குழந்தைகளின் தாய்

இலண்டன் மாநகரின் வெம்பிளி விளையாட்டரங்கை இலங்கையர் எளிதில் மறவார். 1948ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 31ஆம் நாள், இலங்கை வீரர் டங்கன் வைற் 400 மீற்றர் தடை தாண்டும் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து, ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் ஈட்டியது அவ்வரங்கிலேதான். அதே ஓடுபாதையில், அதற்கடுத்த வாரத்தில் ஒரு தாய் செய்த செயலே இன்றைய பேச்சின் பொருள்.

அவர் ஒல்லாந்து நாட்டவர். பெயர் ஃபானி பிளாங்கர்ஸ் கூன். 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது அவருக்கு வயது 18. பின்னர் உலகப் போர் மூண்டது. 1940இலும் 1944இலும் ஒலிம்பிக் நடைபெறவில்லை. ஒரு வீராங்கனையின் பொற்காலம் எனத்தக்க ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இதனிடையே அவர் தம் பயிற்சியாளர் யான் பிளாங்கர்ஸை மணந்து, ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் தாயுமானார்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவர் மீண்டும் ஒலிம்பிக்குக்குப் புறப்பட்டபோது வயது 30. அக்காலத்தில் ஓட்டக்காரிக்கு அது முதுமை. 'வயது கடந்துவிட்டது' என்றார் ஆங்கிலக் குழுவின் பொறுப்பாளர் ஒருவர். குழந்தைகளைப் பேணி வீட்டில் இருத்தலே தாய்க்கு அழகு என்று ஊரார் கடிதம் எழுதினர். அவரோ குழந்தைகளைப் பயிற்சித் திடலுக்கே அழைத்துச் சென்றவர்; தாய் ஓடுகையில் அவர்கள் மணலில் விளையாடுவர்.

ஆகஸ்ட் 2ஆம் நாள், மழையில் நனைந்த பாதையில், 100 மீற்றரை 11.9 செக்கனில் ஓடி வென்றார். 4ஆம் நாள் 80 மீற்றர் தடை தாண்டும் ஓட்டம். ஆங்கில நங்கை மோரீன் கார்ட்னரும் அவரும் ஏறக்குறைய ஒன்றாகவே முடித்தனர். முடிவுக்குக் காத்திருந்த வேளை பிரித்தானிய நாட்டுப் பண் ஒலித்தது. தாம் தோற்றதாகவே அவர் எண்ணினார். ஆனால் அது அரங்கினுள் வந்த அரச குடும்பத்தினரை வரவேற்ற இசை, வெற்றி அவருடையதே.

இரு தங்கப் பதக்கங்கள் பெற்றும் அவர் மனம் அமைதி பெறவில்லை. குழந்தைகளின் நினைவு வாட்டியது. 200 மீற்றர் அரையிறுதிக்கு முன் கண்ணீர் பெருகியது. வீடு திரும்பவே விரும்பினார். ஊராரின் ஏச்சைத் தாங்கியவரைத் தாய்மையின் ஏக்கம் தளர்த்தியது.

அப்பொழுது கணவர் கட்டளையிடவுமில்லை, தடுக்கவுமில்லை. விருப்பமில்லையேல் ஓடவேண்டியதில்லை என்றும், ஆயினும் பின்னர் வருந்த நேரலாம் என்றும் மட்டுமே உரைத்தார். அழுது தீர்த்த அப்பெண்மணி ஓடினார். இறுதிப் போட்டியில் இரண்டாவதாக வந்தவரை 0.7 செக்கன் முந்தினார். மறுநாள் அஞ்சலோட்டத்தில் இறுதிக் கோலை ஏந்தி, முன்சென்றோரைக் கடந்து நான்காம் தங்கத்தையும் பெற்றார்.

ஆம்ஸ்ரடாம் நகர் அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி ஊர்வலம் கொண்டு சென்றது. அயலவர் ஒரு துவிச்சக்கர வண்டியைப் பரிசளித்தனர்.

வயது எப்பொழுதும் தோற்பதில்லை. 1952இல் எல்சிங்கி நகரில், 34 வயதில், உடல்நலம் குன்றி அவர் இறுதி ஓட்டத்தை இடையில் நிறுத்த நேர்ந்தது. ஆயினும் 1999இல் சர்வதேச மெய்வல்லுநர் சங்கம் அவரையே நூற்றாண்டின் சிறந்த வீராங்கனையாகத் தெரிந்தது. 2004இல் அவர் காலமானார்.

குடும்பத்தார் கொள்ளும் கவலை அன்பின் வடிவம். அதைப் பழித்தல் தகாது. ஆயினும் ஓடுபவரின் கால்களுக்கு இன்னும் வலிமை உண்டா என்பதை ஓடுபவரே அறிவார். உண்மையைச் சொல்லி, முடிவை அவரிடமே விடுதல், வீட்டார் செய்யக்கூடிய பேருதவியாகும்.