பூதவாதிக்கு மணிமேகலை சொன்ன விடை

என்னினும் ஆழக் கற்றவர்கள் நிறைந்த அவையில் தலைமை ஏற்கப் பணித்தது பெருமைதான். கூடவே சற்று நடுக்கமும் இருக்கிறது. ‘மெய்யறிவுத் தேடலில் உள்ளுணர்வும் பகுத்தறிவும்’ என்பது மாநாட்டுப் பொருள். அளவைகள் எவை, எந்தச் சமயத்தார் எத்தனை கொண்டனர் என்று இங்கே விளக்கத் தொடங்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். மேலைநாட்டு வாதங்களை நாளைய அமர்வுகள் கவனித்துக்கொள்ளும். நம்மவர் பெரும்பாலும் புரட்டிக் கடந்துவிடும் ஓரிடத்தில் நிற்க விரும்புகிறேன்: மணிமேகலையின் 27, 29-ஆம் காதைகள்.

உ.வே.சாமிநாதையரின் பதிப்பு 1898-இல் வந்தது. அதன்பின், தருக்கம் பேசும் 29-ஆம் காதை பெரிதும் காலக் கணிப்புக்கே பயன்பட்டது. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928-இல் வெளியிட்ட நூலில் அதைப் பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகருக்கு முற்பட்டதாகக் காட்ட முயன்றார். குப்புசாமி சாஸ்திரியாரோ அது நியாயப்பிரவேசம் என்ற வடமொழித் தருக்க நூலின் வழிவந்தது என்று கருதினார். சாஸ்திரியார் பக்கமே எனக்குச் சான்று வலுவாகத் தெரிகிறது. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என்று 33 பிழைகளும் இரண்டு நூல்களிலும் அப்படியே பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஆனால் அந்தச் சண்டையின் இரைச்சலில், புலவர் சாத்தனார் தம் தலைவி மணிமேகலையைத் தருக்கப் பாடத்தின் முன் ஏன் உட்காரவைத்தார் என்ற கேள்வி காணாமற் போயிற்று.

தருக்கம் அவளுக்குத் தேவையே இல்லை என்று வாதிடலாம். மணிபல்லவத்தில் புத்தபீடிகையைக் கண்டபோதே முற்பிறப்பை உணர்ந்துவிட்டவள் அவள். அது 9-ஆம் காதை. உள்ளுணர்வே போதும் என்பது சாத்தனார் கருத்தாயின் துறவு அங்கேயே கூடியிருக்கும். அவரோ அவளை வஞ்சிக்கு அனுப்பி, அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பல சமயத்தார் பேச்சையும் கேட்கச் செய்கிறார். முற்பிறப்பு அறிந்தவர் உண்டு என்ற பேச்சு எழும்போது, அது தெய்வ மயக்கம் அல்லது கனவு என்று பூதவாதி ஒதுக்குகிறான். ‘நான் கண்டேன்’ என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று திருப்பிக் கேட்கிறாள். தன் ஆழ்ந்த அனுபவத்தைக் காக்க வேண்டிய இடத்தில் அந்த அனுபவத்தையே சான்றாக நீட்ட மறுக்கிறாள். அது எதிரியின் முன் செல்லாது என்பது அவளுக்குத் தெரியும்.

இந்த விடை முற்பிறப்பை நிறுவவில்லையே என்று நண்பர்கள் மறுப்பார்கள். உண்மை, நிறுவவில்லை. காட்சி ஒன்றே அளவை என்ற அவன் நிலை நிற்காது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. வாதம் எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவுதான் செல்கிறது. அதை நான் குறையாகக் கருதவில்லை. பெயர், சாதி, குணம், கிரியை ஆகியவற்றை விலக்கிய சுட்டுணர்வே காட்சி என்று 29-ஆம் காதையில் அவள் ஆசான் அறவண அடிகள் வரையறுக்கிறார். அப்படியானால் கண்டதைப் பெயரிட்டு ஒருவர் சொல்லத் தொடங்கியதுமே அவர் காட்சியின் எல்லையைத் தாண்டிவிட்டார். அதன்பின் கேட்பவருக்குச் சோதிக்க உரிமை உண்டு. அனுமானம் எனப்படும் கருத்தளவும் பிழைபடலாம் என்று அதே காதை வெளிப்படையாக ஒப்புகிறது. புகையால் நெருப்பை அறிவது போன்ற காரியக் கருத்துக்கு மட்டுமே பிழையாமையைத் தருகிறது. 33 போலிகளின் பட்டியல் தருக்கம் தன்னைத் தானே பிடிக்க வைத்த கண்ணி. தன் பிழைகளுக்கு இப்படியொரு பட்டியலை உள்ளுணர்வின் தரப்பில் எழுதியவரை எனக்குத் தெரியாது. இரண்டையும் சமமாக நிறுத்த நான் தயங்குவது இதனால்தான்.

தமிழ்மனம் அனுபூதியின் மனம், தருக்கம் வடக்கிலிருந்து வந்த சரக்கு என்று நம் மதிப்புக்குரிய அறிஞர் சிலர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். பக்திப் பாடல்களில் அவர்களுக்குள்ள பயிற்சியை வணங்குகிறேன். ஆயினும் அளவையில் தொடங்கும் சிவஞான சித்தியாரையும், வாதத்தையே கதையாக்கிய நீலகேசியையும் அவர்கள் எந்த மனத்தில் சேர்ப்பார்கள்? வந்த சரக்கேயானாலும் அதைத் தமிழ் அகவலில் வைத்தவர் தமிழ்ப்புலவர். 29-ஆம் காதை பின்னர்ச் செருகப்பட்டது என்பது அவர்களின் கடைசி அரண். அதற்குச் சான்று தரட்டும், பரிசீலிப்போம். ஆனால் அதை நீக்கினாலும் 27-ஆம் காதை எஞ்சி நிற்கிறது. பூதவாதிக்கு அவள் சொன்ன விடை கதையின் ஓட்டத்தில் வருவது. அதையும் நீக்க முன்வருவோர், முற்பிறப்பு உணர்ந்த ஒருத்தியைச் சாத்தனார் எதற்காக வஞ்சி வரை நடத்தினார் என்பதை முதலில் விளக்க வேண்டும்.