எல்லாருக்கும் சொந்தம்னா, எல்லாருக்கும் பொறுப்பு!

(அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க. உங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் பகிருங்க.)



இன்னிக்கு ஓட்டு கேட்டு வரலை. உங்க வீட்டுக் கதவுக்கு வெளியே இருக்கிற இடம் யாருடையது, அதுக்கு யார் பொறுப்புன்னு பேச வந்திருக்கேன்.

கதவுக்கு உள்ளே குழப்பமே இல்லை. குழாய் ஒழுகினா நாமே பிளம்பரைக் கூப்பிடுறோம். கதவைத் தாண்டினாத்தான் சிக்கல். மாடிப்படியில விளக்கு எரியலை, மொட்டை மாடி ஒழுகுது, லிஃப்ட் நின்னு மாசக்கணக்கு ஆச்சு. பில்டரைக் கேட்டா, "சாவியைக் கொடுத்தாச்சு, என் வேலை முடிஞ்சுது" என்கிறார். சங்கத் தலைவரைக் கேட்டா, "மெயின்டனன்ஸ் பணமே வரலை" என்கிறார். தரைத்தளத்துக்காரரோ, "நான் லிஃப்ட்ல ஏறினதே இல்லையே, எதுக்குக் காசு?" என்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வெளியூரில் இருப்பவர் போனையே எடுப்பதில்லை.

யார் சொல்றது சரி? ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

உங்க கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. அதில் "பிரிபடாத பங்கு"ன்னு ஒண்ணு இருக்கும். யூடிஎஸ்னு சொல்றோமே, அதுதான். கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்களுக்கு உள்ள பங்கு அது. "இந்த மூலை என்னுது"ன்னு அதில் கோடு போட்டுக் காட்ட முடியாது. மொத்த நிலத்திலும் எல்லாருக்கும் பங்கு உண்டு. படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், திறந்தவெளி பார்க்கிங், எல்லாமே பொது இடம்னு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, பட்டியல் போட்டுச் சொல்லுது. தரைத்தளத்துக்காரருக்கும் லிஃப்டில் பங்கு இருக்கு, மேல்மாடிக்காரருக்கும் சம்ப்பில் பங்கு இருக்கு. ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது அவர் சொத்து.

அடுத்து பில்டர். சாவி கொடுத்ததோட அவர் வேலை முடியலை. ரெரா சட்டப்படி, சங்கம் பொறுப்பேற்கும் வரைக்கும் அத்தியாவசிய வசதிகளைப் பராமரிப்பது அவர் கடமை. அதுக்கு நியாயமான கட்டணம் மட்டும் வாங்கலாம். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிஞ்சு நீங்க சொன்னா, 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்யணும். குடியேறுவதற்கான சான்று (ஆக்குபன்சி சர்ட்டிஃபிகேட்) வந்து 3 மாதத்துக்குள் பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்கணும். உங்க குடியிருப்பில் எழுதிக் கொடுத்தாச்சா? நாளைக்கே கேளுங்க. குறையை வாயால சொல்லி விடாதீங்க, எழுத்துல கொடுங்க, தேதி போடுங்க. செவிசாய்க்கலைன்னா தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 8 வீடுகளுக்கு மேற்படாத சின்னக் கட்டடங்களுக்கு அங்கே பதிவு கட்டாயமில்லை. அவங்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கு.

பார்க்கிங் பற்றி ஒரு வார்த்தை. தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங்கைத் தனியா விற்க பில்டருக்கு உரிமை இல்லைன்னு 2010-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த மும்பை வழக்கு அது. பொது இடத்தைக் கூறுபோட்டு விற்பதைக் கேள்வி கேட்க நமக்கும் அது தைரியம் தரும்.

மூணாவது, சங்கம். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 கொண்டுவரப்பட்டு, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும்னு அது சொல்லுது. அப்படின்னா என்ன அர்த்தம்? நீங்க கூட்டத்துக்கே போகாம இருந்தா, உங்க தலைக்கு மேல உள்ள கூரையைப் பற்றி மத்தவங்க முடிவெடுப்பாங்க. சங்கத்துக்கும் ஒண்ணு சொல்றேன். காசு கேட்கும் உரிமை இருக்குன்னா, கணக்குக் காட்டும் கடமையும் இருக்கு. வரவு செலவை மாசாமாசம் பலகையில் ஒட்டுங்க. பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

தினமும் நடக்கும் ஒழுகல் சண்டைக்கு வருவோம். மொட்டை மாடி ஒழுகினா, பாதிப்பு கடைசி மாடிக்காரருக்கு. ஆனா மாடி எல்லாருக்கும் பொது, செலவும் எல்லாருக்கும் பொது. எல்லா வீட்டுக்குமாக மேலிருந்து கீழே இறங்கும் குழாய் உடைஞ்சா சங்கம் பார்க்கணும். மேல்வீட்டுக் குளியலறையின் உள்குழாயோ தரையோ ஒழுகி உங்க கூரை நனைஞ்சா, அது மேல்வீட்டுக்காரர் வேலை. தூண், பீம், தளம் இதில் விரிசல் வந்தா, "அது உங்க வீட்டுக்குள்ள இருக்கு"ன்னு யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. கட்டடமே அதைத்தான் நம்பி நிற்குது.

இதுவரை பேசினது பணம். இப்ப உயிர்.

நம்ம எல்லாருக்கும் பொதுவான இடத்தில் நாம எட்டியே பார்க்காத ஒண்ணு இருக்கு. கழிவுநீர்த் தொட்டி. அது நிரம்பி வழியும்போது, சங்கம் ஒருத்தருக்குப் போன் போடும். அவர் யாரையோ அனுப்புவார். வந்தவர் முகக்கவசம்கூட இல்லாம உள்ளே இறங்குவார். விஷவாயு தாக்கி மூச்சு நிற்கும். காப்பாத்த இறங்குபவரும் சேர்ந்து போவார். இந்தச் செய்தியை எத்தனை முறை படிச்சிருக்கோம்!

அப்புறம் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "கான்டிராக்டர்கிட்ட கொடுத்தோம், எங்களுக்குத் தெரியாது." இந்தப் பதில் செல்லாது. பாதுகாப்பு இல்லாம மனிதரைத் தொட்டிக்குள் இறக்கும் வேலைக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரும் ஆளை அமர்த்தக் கூடாதுன்னு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. "மறைமுகமாகவோ" என்ற சொல் நம்மையும் சேர்த்துத்தான். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சம்னு 2023-ல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது.

சிறைக்குப் பயந்து மட்டும் இதைச் செய்யாதீங்க. காலங்காலமா எந்தச் சாதி மக்களை அந்தக் குழிக்குள் இறக்கினோம்னு நமக்குத் தெரியும். நம்ம மாடியில் சமத்துவம் பேசிட்டு, கீழே தொட்டிக்குள் ஒருத்தரை இறக்கினா நம்ம கொள்கைக்கு என்ன மரியாதை? இயந்திர லாரியை மட்டும் கூப்பிடுங்க. 14420 என்ற உதவி எண் இருக்கு. மனிதர் இறங்கக் கூடாதுன்னு சங்கத்தில் தீர்மானம் போட்டு, தொட்டி மூடி பக்கத்திலேயே எழுதி வையுங்க.

நம்ம தோழர்கள் இல்லாத குடியிருப்பு இல்லை. உங்களிடம் நான் கேட்பது நாலு வேலை. பத்திரத்தில் உங்க பங்கைப் பாருங்க. சங்கம் இல்லைன்னா தொடங்குங்க, இருந்தா அடுத்த பொதுக்குழுவுக்குப் போங்க. பொது இடங்கள் சங்கத்தின் பெயருக்கு வந்தாச்சான்னு கேளுங்க. கழிவுநீர்த் தொட்டித் தீர்மானத்தை நீங்களே முன்மொழியுங்க.

கட்டடம் நம்முடையதுன்னா, அதில் நடக்கும் சாவும் நம்ம கணக்கில்தான் வரும். அந்தக் கணக்கில் இனி ஒரு பெயரும் சேரக் கூடாது.



#நம்_கட்டடம்_நம்_பொறுப்பு